மதகுக்கு அந்தப் பக்கம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று கரூர் சாலையில் போகும்போது காவிரி வலப்பக்கம் கூடவே வருகிறது. சில இடங்களில் வாழைத்தோப்பு மறைக்கும். தோப்பு முடிந்ததும் மறுபடி தண்ணீர். ஆவணி மாதம், மேட்டூரில் திறந்துவிட்ட நீர் செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. முக்கொம்பில் இறங்கி, பூங்காவைத் தாண்டி, மதகுப் பாலத்தில் ஏறி நின்றேன். காலடியில் கதவிடுக்கு வழியாகப் பீறிடும் நீரின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

நான் பார்க்க வந்தது இந்த மதகுகளைத்தான். கொஞ்ச காலமாக ஆற்று டால்பின்களின் மரபணு ஆய்வுகளைத் தேடிப் படித்துவருகிறேன். கங்கையிலும் சிந்துவிலும் வாழும் அந்த உயிர்களுக்குக் கண் பார்வை அநேகமாக இல்லை. ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டே வழி அறிகின்றன. அவற்றைப் பற்றி எந்த ஆய்வை எடுத்தாலும் தடுப்பணையில்தான் வந்து முடிகிறது. காவிரியில் டால்பின் கிடையாது. ஆனால், ஓர் ஆறு எப்படிக் கூறு போடப்படுகிறது என்பதைக் காலால் நடந்து பார்ப்பதற்கு, முக்கொம்புக்கும் கல்லணைக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் திருவரங்கத் தீவைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன்.

காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. விட்டால் தண்ணீரையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. காவிரி மணல் மேடிட்டுப் போக, தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி அதை நிறுத்தினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் அந்தப் பழைய கதவணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. டெல்டாவுக்குச் சோறு போட்ட கட்டுமானம் இது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக அது வேறென்ன செய்தது என்று கேட்காமலும் இருக்க முடியாது.

பூங்காவுக்கு வெளியே மீன் வறுத்துக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மசாலா தடவிய துண்டுகள் தாம்பாளத்தில் சிவப்பாக அடுக்கியிருந்தன. "என்ன மீன்க்கா?" என்று கேட்டேன். "கட்லா, ரோகு, ஜிலேபி இருக்கு. வாளை வேணும்னா முன்னாடியே சொல்லி வைக்கணும்" என்றார் கடைக்கார அம்மா. கட்லாவும் ரோகுவும் கங்கை மீன்கள். வளர்ப்புக்காகத் தெற்கே கொண்டுவரப்பட்டவை. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காவிரிக் கரையில் நின்று காவிரியின் சொந்த மீனைக் கேட்டால் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் சேர்ந்துகொண்டார். அணைக்கு மேலேயும் கீழேயும் ஒரே மீன்தானா என்று கேட்டேன். "மேல இருக்கறது ஷட்டர் தூக்குனா கீழ வந்துரும் தம்பி. கீழ இருக்கறது மேல ஏறாது. முட்டி முட்டிப் பாத்துட்டு அங்கயே கெடக்கும். நாங்க அங்கதான் வலை போடுவோம்" என்றார்.

டால்பின் ஆய்வுகள் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சிந்து நதியில் சுக்கூர் தடுப்பணை 1932இல் வந்தது, குட்டு தடுப்பணை 1962இல். இன்று சிந்து டால்பின்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. மதகு திறந்திருக்கும்போது சில விலங்குகள் நீரோடு கீழே போய்விடும். மறுபடி மேலே வருவது அரிது. இன்னும் சில, பாசனக் கால்வாய்களுக்குள் போய்விடுகின்றன. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடும்போது தண்ணீர் வற்றிய இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. சிந்து மாகாண வனவிலங்குத் துறையினரும் உலக வனவிலங்கு நிதியத்தினரும் அவற்றைப் பிடித்து, ஈரத்துணி போர்த்தி, வண்டியில் ஏற்றி ஆற்றில் விடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

ஜில் பிராலிக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சிந்துவிலும் அதன் கிளை நதிகளிலும் டால்பின் வாழ்ந்த நீர்வழி, அணைகளால் 17 துண்டுகளாகியிருந்தது. அவற்றில் 10 துண்டுகளில் டால்பின் அற்றுப்போய்விட்டது. 6 துண்டுகளில் மட்டும் இருப்பது உறுதி. யாரும் குறிவைத்துக் கொன்றுதீர்த்ததால் இப்படி ஆகவில்லை. அணைகளில் தண்ணீரைத் திருப்பியதால் வறண்ட பருவத்தில் ஆறு மெலிந்துபோனதையே அந்த ஆய்வு முதன்மைக் காரணமாகச் சொல்கிறது.

அந்த மெலிவைப் பார்க்க நான் சிந்துவுக்குப் போக வேண்டியதில்லை. திருவரங்கத்துக்குத் திரும்பி, ரெங்கநாதரைச் சேவித்துவிட்டு, வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போனேன். வழியில் திருமங்கை மன்னன் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் தசாவதார சன்னதி. பத்து அவதாரங்களும் ஒரே வரிசையில் நிற்க, முதலில் மச்சம். அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன்.

தெற்கே அம்மா மண்டபத்தில் படி மூழ்க ஓடும் அதே நாளில், வடக்கே கொள்ளிடம் முழுக்க மணல். வெள்ளத்தில் மிஞ்சிய நீரைத்தான் அந்தப் பக்கம் விடுவார்கள். பரந்த வெண்மணலுக்கு நடுவே அங்கங்கே மடுக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்தன. ஒரு மடுவின் ஓரத்தில் குந்திப் பார்த்தேன். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் ஓரத்து நிழலில் மொய்த்துக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, ஈர மணலில் ஐந்து விரல் பதிந்த தடங்கள். பக்கத்தில் கறுத்துக் காய்ந்த எச்சம். குச்சியால் கிளறினால் மீன் செதிலும் முள்ளுமாக உதிர்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், "நீர்நாய் சார். ராத்திரி வரும். வலையக் கிழிச்சுட்டுப் போயிரும்" என்றான். சங்கப் பாடல்களில் வாளையை வேட்டையாடும் அதே நீர்நாய்.

அந்த எச்சத்தைக் கையில் எடுத்தபோதுதான் படித்தவை எல்லாம் உருப்பெற்றன. நீர்நாயின் குடல் செல்கள் அந்த எச்சத்தில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கலாம். விலங்கைப் பிடிக்கவே வேண்டாம். கடல் டால்பின்களுக்குப் பெரும்பாலும் சிறு அம்பு எய்து தோலில் ஒரு துணுக்கு எடுக்கிறார்கள். ஆற்று டால்பின் ஒரு நொடி மூக்கை நீட்டிவிட்டு மறைந்துவிடும். அம்பெய்ய நேரம் இருக்காது. அதனால் கரை ஒதுங்கிய உடல்களையும், வலையில் சிக்கி இறந்தவற்றையும், அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய எலும்புகளையும் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தத் துணுக்குகளில் இரண்டு விதமான செய்தி உண்டு. ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவதால் பாட்டி, முப்பாட்டி என்று பெண்வழியே பின்னோக்கிப் போகலாம். மற்றது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. அதில் குறிப்பிட்ட சில இடங்களில் சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேல்துண்டில் உள்ளவற்றுக்கும் கீழ்த்துண்டில் உள்ளவற்றுக்கும் இந்த எண்ணிக்கைகள் கலந்து கிடந்தால் அவை ஒரே இனக்கூட்டம். தனித்தனியாகப் பிரிந்து நின்றால் இடையில் ஏதோ ஒரு சுவர் இருக்கிறது. ஆனால் பிரிவுக்கு எப்போதும் சுவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில டால்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு கடலடியைத் துழாவி இரை தேடுகின்றன. 2005இல் அவற்றின் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது, அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒரே தாய்வழியில் இறங்கிவருவது தெரிந்தது. அங்கே சுவர் எதுவும் கிடையாது. குடும்பம்தான் கூட்டத்தைப் பிரிக்கிறது. தானாகப் பிரிவதும், நாம் பிரிப்பதும் டி.என்.ஏ.வில் ஒரே மாதிரிதான் பதிகின்றன. அதனால்தான் ஆற்றின் வரலாறு தெரியாமல் இந்த எண்களைப் படிக்கக் கூடாது.

சிந்து டால்பின்களின் மைட்டோகாண்ட்ரியாவில் வழக்கமாக அதிக வேறுபாடு காணப்படும் ஒரு பகுதியை பிராலிக் குழுவினர் படித்தார்கள். எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசை. கங்கை டால்பின்களில் சில வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றுகூடச் சிந்து வரிசையோடு பொருந்தவில்லை. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2021இல், மண்டையோட்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்து, இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று அறிவித்தார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்களில் பாட்னாவின் ரவீந்திர குமார் சின்ஹாவும் ஒருவர். கங்கை டால்பினுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் அவர்.

சிந்து டால்பின்களின் இந்த ஒரே சாயலுக்கு அணைகளைக் குற்றம் சொல்ல முடியாது. வெகு காலத்துக்கு முன் கங்கைப் படுகையிலிருந்து ஒரு சிறு கூட்டம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோதே அது தொடங்கியிருக்க வேண்டும். அப்படிக் குறைந்த முதலோடு தொடங்கிய குடும்பத்தைத்தான் இருபதாம் நூற்றாண்டு துண்டு துண்டாக்கியது.

ஒரே சாயல் என்றால் என்ன ஆபத்து என்பதை எனக்கு விளக்கியது உத்தமர்சீலி என்ற ஊர். திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலை இந்தத் தீவின் முதுகெலும்பில் ஓடுகிறது. இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி, நடுவில் முழுக்க வாழை. வண்டியை விட்டு இறங்கித் தோப்பொன்றுக்குள் போனேன். பக்கக் கன்றைக் கிழங்கோடு தோண்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்கு விதை ஏது? கன்றுதான். தாயும் கன்றும் கன்றின் கன்றும் மரபில் ஒன்றே. "ரஸ்தாளி போடறதில்லீங்களா?" என்றேன். "வாடல் வந்தா ஒண்ணு விடாம போயிரும். பூவன்னா தாங்கும்" என்றார் தோப்புக்காரர். பனாமா வாடல் நோய் மண்ணில் இருந்துகொண்டு வேர் வழியே ஏறும். ரஸ்தாளிக்கு அதைத் தாங்கும் திறன் இல்லை. ஒரு மரத்துக்கு இல்லாதது தோப்பில் எந்த மரத்துக்கும் இல்லை. இந்தத் திருச்சியில்தான் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. காட்டு வாழை முதல் வீட்டுக்கொல்லை வாழை வரை நூற்றுக்கணக்கான வகைகளை அங்கே நட்டுக் காத்துவருகிறார்கள். ஒரு வகை விழுந்தால் இன்னொரு வகையிலிருந்து எதிர்ப்பைத் தேட வேண்டும் என்பதற்காக. டால்பினுக்கு அப்படி ஒரு தோட்டம் வைக்க முடியாது. அதன் வகைகள் ஆற்றில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

காவிரியிலும் ஒரு வகை இப்படிக் கைநழுவிப்போகும் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. முதுகு உயர்ந்து, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் மஹ்சீர், காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. அது அருகிவருவது தெரிந்ததும், மஹ்சீர் என்றால் மஹ்சீர்தானே என்று லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணத்தோடுதான் விட்டார்கள். தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் மற்றவர்களும் 2015இல் அலசியபோது, மொத்தத்தில் மஹ்சீர் பெருகியிருந்தது. ஆனால் பெருகியது வந்தேறி. சொந்த மீன் மறைந்துகொண்டிருந்தது. அதற்கு அறிவியல் பெயர்கூட உறுதியாகாமல் இருந்தது. 2018இல் டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, காவிரியின் இன்னொரு கிளையாறான பாம்பாற்றில் கண்டு 2007இலேயே பெயரிடப்பட்ட டோர் ரெமாதேவியே இது என்று நிறுவினார்கள். அந்த ஆண்டே அது மிக அருகிவிட்ட இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. எத்தனை என்று மட்டும் எண்ணியவர்களுக்குக் காவிரி நன்றாகவே இருந்திருக்கும். எவை என்று கேட்டபோதுதான் இழப்பு தெரிந்தது.

உல்லம் மீனுக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்தது. பாசன அணைகள் மீன்களின் வழியை மறிப்பதைப் பற்றி மீனியலாளர் பிரான்சிஸ் டே 1873இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆற்று வெள்ளத்தின் போக்கே மாறி, உல்லம் பிடிப்பு ஓய்ந்துபோனது. காவிரிக்கென்று தனிச் சாயல் கொண்ட உல்லம் இருந்ததா என்று பார்க்க அன்று மரபணு ஆய்வும் இல்லை.

கல்லணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இங்கே ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையருகே கூட்டம். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் மதகுகளும் கதவுகளும்தான் கண்ணுக்குத் தெரியும். அவை வெள்ளைக்காரர் காலத்தவை. கரிகாலன் பெயரால் நாம் சொல்லும் பழைய அணை, மணலில் கல்லைப் போட்டு அமிழ்த்தி எழுப்பிய வளைந்த, தாழ்ந்த கற்கரை. 1804இல் கால்டுவெல் என்ற பொறியாளர் சொன்னபடி அதன் உயரத்தைக் கூட்டினார்கள். அதற்கு முன் வெள்ளம் அதன் மேலாகவே வழிந்து போயிருக்கும். அப்படி அணை மூழ்கும் நாட்களில் மேல்நீரும் கீழ்நீரும் ஒன்றாகிவிடும். மீன் ஏறவும் வழி இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பழையது என்பதற்காகப் புகழவில்லை. தண்ணீரைத் திருப்புவதும் உயிர்களின் வழியை அடைப்பதும் ஒன்றாகவே நடந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு அந்தக் கற்கரையைச் சாட்சியாகப் பார்க்கிறேன். பிரிந்து கிடக்கும் ஓர் இனக்கூட்டத்தில் தலைமுறைக்கு ஒன்றிலிருந்து பத்து உயிர்கள் வரை வெளியிலிருந்து வந்து சேர்ந்து இனம்பெருக்கினால்கூட மரபு வேறுபாடு குறைந்துபோகாமல் காக்கலாம் என்று மரபியலாளர்கள் ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். பெரிய கோரிக்கையே இல்லை இது. முட்டிப் பார்க்கும் மீன்களில் சிலவற்றுக்காவது வழி விட்டால் போதும்.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்களை நன்றாக அறிவார்கள். முதுகில் மேடுள்ள வகை, கழிமுகங்களையும் ஆழமற்ற கரையோரத்தையும் நம்பி வாழ்வது. அதை ஒரே இனமாகவும் இரண்டாகவும் எண்ணிவந்தவர்கள், 2014இல் டி.என்.ஏ.வையும் எலும்பையும் வைத்து நான்காகப் பிரித்தார்கள். இந்தியப் பெருங்கடல் வகை ஒன்று, கிழக்கே இன்னொன்று. இரண்டுக்குமான எல்லை வங்காள விரிகுடாவில் எங்கே விழுகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வங்கதேசக் கரையில் உள்ளவை தனியே நிற்கின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. கழிமுகத்துக்கு நன்னீர் வந்தால்தான் அவற்றுக்கு இரை. அந்த நன்னீரை விடுவதா வேண்டாமா என்பதை நான் காலையில் நின்ற அந்தக் கதவுகள்தான் முடிவு செய்கின்றன.

இந்தியாவில் ஆற்று டால்பின்களின் முதல் முழுக் கணக்கெடுப்பின் முடிவை 2025 மார்ச் 3 அன்று பிரதமர் வெளியிட்டார். எட்டு மாநிலங்களில் 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கும் மேல் படகில் போய் எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 6,327. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் 3. பெரிய உழைப்பு, வணங்குகிறேன். ஆனால் அந்தப் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. டால்பினுக்கு மாநிலம் தெரியாது, பராக்கா அணை தெரியும். 1975இல் இயங்கத் தொடங்கிய அந்த அணைக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை, இரண்டும் இன்னும் கலக்கின்றனவா என்று சொல்லும் பத்தி ஒன்று அந்த அட்டவணைக்கு வேண்டும். பியாஸில் உள்ள மூன்றும் மீதி 6,324இலிருந்து பிரிந்து நிற்கும் வேறோர் இனம். எல்லைக்கு அப்பால் உள்ள அவற்றின் உறவுகளோடு சேர வழியில்லாதவை. அவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பாகிஸ்தானில் சிந்து டால்பின்கள் 2001இல் ஏறத்தாழ 1,200 என்றும் 2017இல் 1,800க்கு மேல் என்றும் கணக்கு சொல்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். அத்தனையும் அதே துண்டுகளுக்குள், அதே தாய்வழியோடு பெருகியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த முறை எண்ணப் போகும் படகுகளில், கரை ஒதுங்கும் ஒவ்வோர் உடலிலிருந்தும் தோல் துணுக்கு எடுத்து, எந்த அணைக்கும் எந்த அணைக்கும் இடையில் கிடைத்தது என்று எழுதி, ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். செலவு அதிகமில்லை. ஒரு குப்பி எரிசாராயத்தில் போட்டு வைத்தாலே போதும், ஆய்வகம் வரை கெடாது. அதே குப்பி முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் இன்னும் கீழே உள்ள கீழணையிலும் இருந்தால், மதகடியில் வலை போடும் அந்தப் பெரியவரைப் போன்றவர்களே வாளைக்கும் கெளுத்திக்கும் துடுப்பு நுனியை வெட்டிப் போட்டுவைப்பார்கள். கொள்ளிடத்து மடுக்களில் நீர்நாய் எச்சம் பொறுக்க அந்த ஆட்டுக்காரப் பையனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இரவில் அவை எந்த மடுவிலிருந்து எந்த மடுவுக்குப் போகின்றன என்பதும் அவனுக்கே தெரியும்.